வீடியோ, ஆடியோ என்கோடிங்: எந்தப் பாகத்துக்குக் காசு போட்டால் வேகம் கூடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும், யூட்யூப் சேனலோ பாட்காஸ்ட்டோ நடத்துகிறவர்களும் கணினிப் பாகக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் கேட்கும் கேள்விகள் இவை. கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது கிராபிக்ஸ் கார்டாகத்தான் இருக்கும். சில வேலைகளுக்கு அது ஒன்றே போதும். வேறு சில வேலைகளில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் வேலை எந்த வகை என்று தெரிந்துகொண்டு பர்ஸைத் திறப்பது நல்லது.

எக்ஸ்போர்ட் ரொம்ப மெதுவாக இருக்கிறது. எதை மாற்றினால் வேகம் கூடும்?

அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. எக்ஸ்போர்ட் என்ற ஒரே பட்டனுக்குப் பின்னால் ஐந்து வேலைகள் நடக்கின்றன: டிஸ்கிலிருந்து படிப்பது, கேமரா கோப்பை டீகோட் செய்வது (சுருக்கியிருப்பதை விரிப்பது), கலர், டைட்டில், நாய்ஸ் குறைப்பு போன்றவற்றைப் போடுவது, என்கோட் செய்வது (மறுபடி சுருக்குவது), மறுபடி டிஸ்கில் எழுதுவது. இதில் எது மெதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். பந்திக்கு அடுப்பைப் பெரிதாக வைத்தாலும் காய் நறுக்க ஒரே ஆள் என்றால் சாப்பாடு தாமதம்தான்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ப்ராசசர் வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசசரும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். கிராபிக்ஸ் பகுதியில் வீடியோ என்கோட், வீடியோ டீகோட் என்ற இரண்டு வரைபடங்களையும் தேர்ந்தெடுங்கள். பலர் அங்கே 3டி வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டு வேலையே செய்யவில்லை என்கிறார்கள். என்கோடர் 3டி-யில் தெரியாது. நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையிலிருந்து இரண்டு மூன்று நிமிடத் துண்டை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

எல்லா கோர்களும் (ப்ராசசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணக்குப் பிரிவுகள்) 95 சதவீதத்துக்கு மேல் ஓடினால் ப்ராசசர்தான் தடை. ஒரே ஒரு கோர் உச்சத்தில் நிற்க மற்றவை தூங்கினால், ஒற்றைத் த்ரெட்டில், அதாவது வேலையைப் பிரிக்காமல் ஒரே வரிசையில், ஓடும் ஏதோ ஒரு ஃபில்டரோ பிளகினோ பிடித்து வைத்திருக்கிறது. அதற்குக் கூடுதல் கோர் வாங்கிப் பயனில்லை. வீடியோ என்கோட் வரைபடம் 100-ஐத் தொட்டால் என்கோடர் சிப் நிரம்பிவிட்டது, இனி ப்ராசசரை மாற்றி ஒன்றும் ஆகாது. எல்லாமே அரைகுறையாக ஓட, டிஸ்க் மட்டும் 100 காட்டினால் சேமிப்பகம். ஆரம்பத்தில் நொடிக்கு 90 ஃபிரேம் போய், பத்து நிமிடம் கழித்து 55-க்கு இறங்கினால் அது சூடு, அல்லது பவர் வரம்பு.

கணக்கையும் ஃபிரேமில் போடுங்கள். 25 ஃபிரேமில் எடுத்த 3 மணி நேர முகூர்த்த வீடியோவில் 2,70,000 ஃபிரேம்கள். நொடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் இரண்டரை மணி நேரம், 90 வேகத்தில் 50 நிமிடம்.

சாஃப்ட்வேர் என்கோடிங், ஹார்டுவேர் என்கோடிங்: இரண்டில் எது நல்லது?

சாஃப்ட்வேர் என்கோடிங் என்றால் எச்.264, எச்.265, ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறைகளுக்கு முறையே எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 போன்ற நிரல்கள் ப்ராசசரின் பொதுக் கோர்களில் ஓடுவது. ஹார்டுவேர் என்கோடிங்குக்கு அந்த ஒரு வேலைக்கென்றே செதுக்கிய தனிச் சுற்று சிப்புக்குள் இருக்கிறது. இன்டெல் அதை 2011-இல் சாண்டி பிரிட்ஜோடு குயிக் சிங்க் என்ற பெயரில் கொண்டுவந்தது. என்விடியா 2012-இல் கெப்ளர் கார்டுகளில் என்வென்க் என்று வைத்தது. ஏஎம்டி-யிடம் முதலில் விசிஇ, இப்போது விசிஎன்.

என்விடியா கார்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும் கூடா கோர்களுக்கும் (பொதுக் கணக்குப் பிரிவுகள்) இந்தச் சுற்றுக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமில்லை. அதனால்தான் ஒரே தலைமுறையில் விலை மலிந்த கார்டும் ஒரு படி மேலான கார்டும் வெறும் என்கோடிங்கில் ஒரே மாதிரி ஓடுகின்றன. ஆர்டிஎக்ஸ் 4060-இலும் 4070-இலும் இருப்பது ஒரே ஒரு என்வென்க். 4070 டிஐ முதல்தான் இரண்டு. என்கோடிங்குக்காக மட்டும் 4060-இலிருந்து 4070-க்குப் போவது வீண்செலவு. கலர் கிரேடிங், நாய்ஸ் குறைப்பு எல்லாம் கூடா கோர்களில் ஓடுபவை, அதற்காக என்றால் நியாயம் உண்டு.

தரத்தைப் பொறுத்தவரை, ஹார்டுவேர் என்கோடர் தேடிப் பார்க்கும் சாத்தியங்கள் குறைவு. ஒரே பிட்ரேட்டில் (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவில்) எக்ஸ்264-இன் ஸ்லோ பிரீசெட்டோடு (மெதுவாகச் சுருக்கும் தயார் அமைப்பு) ஒப்பிட்டால் வேகமான அசைவு, பூத்தூவல், மண்டபத்துச் சீரியல் லைட், புகை ஆகிய இடங்களில் கட்டம் கட்டமாக உடைவது தெரியும். பிட்ரேட்டைக் கூட்டிக் கொடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. ஆக ஹார்டுவேர் நேரத்தை மிச்சம் செய்து கோப்பைப் பெரிதாக்கும், சாஃப்ட்வேர் நேரத்தைத் தின்று கோப்பைச் சிறிதாக்கும். என்விடியா-வில் 2018-இன் டூரிங் தலைமுறை முதல் தரம் நன்றாக ஏறியது. எச்.264-இல் ஏஎம்டி நெடுநாள் பின்தங்கியே இருந்தது. அதன் எச்.265-ஐக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எந்த வேலைக்கு எது?

யூட்யூபுக்கு ஹார்டுவேர். நீங்கள் எதைக் கொடுத்தாலும் யூட்யூப் தன் பங்குக்கு மறுபடி என்கோட் செய்யப்போகிறது, நீங்கள் இரவெல்லாம் உழைத்துக் குறைத்த மெகாபைட்டுகளுக்கு அங்கே மரியாதை இல்லை. 24 முதல் 30 ஃபிரேம் வீடியோவுக்கு அவர்கள் பரிந்துரைப்பது 1080பி-க்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 4கே-க்கு 35 முதல் 45. அதைவிடச் சற்றுக் கூட்டியே அனுப்பலாம்.

நேரலைக்கும் ஹார்டுவேர்தான். நேரலை மென்பொருளான ஓபிஎஸ்-இல் என்வென்க் அல்லது குயிக் சிங்க், சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுப் படமாகச் சேமிக்கும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி. மண்டபத்தில் லேப்டாப்பின் ப்ராசசரை எக்ஸ்264-க்குக் கொடுத்துவிட்டு, அதே லேப்டாப்பில் நான்கு கேமரா மாற்றினால் முகூர்த்த நேரத்தில் ஃபிரேம் விழும்.

பென்டிரைவில் கொடுக்கும் இறுதிப் படம், குடும்பம் பத்து வருடம் வைத்துப் பார்க்கப்போகும் கோப்பு, இணையதளத்தில் சிறிய அளவில் வைக்க வேண்டிய பாட வீடியோ ஆகியவற்றுக்கு எக்ஸ்264 அல்லது எக்ஸ்265. எக்ஸ்264-இல் மீடியம் அல்லது ஸ்லோ, சிஆர்எஃப் (தர எண், சிறியதானால் தரம் கூடும்) 18 முதல் 20. பிளாசிபோ (மருந்தே இல்லாத மாத்திரை) என்ற பிரீசெட்டின் பெயரே எச்சரிக்கை, தொடாதீர்கள்.

என் கார்டில் என்கோடரே இல்லை என்கிறது ஓபிஎஸ். கார்டு போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. ஜிடி 1030-இல் என்வென்க் கிடையாது. லேப்டாப்பில் வரும் எம்எக்ஸ் வரிசைக் கார்டுகளிலும் பெரும்பாலும் கிடையாது. ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடரை எடுத்துவிட்டார்கள். விலை குறைவு என்று வாங்கி ஏமாறுவது இந்த நான்கில்தான்.

இன்னொரு குழி ஜிடிஎக்ஸ் 1650. பெயர் டூரிங், ஆனால் முதலில் வந்த சிப்பில் இருப்பது அதற்கு முந்தைய வோல்டா தலைமுறை என்வென்க், எச்.265-இல் பி-ஃபிரேம் (முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து நன்றாகச் சுருக்கும் ஃபிரேம்) வராது. 1650 சூப்பரில் சரியான டூரிங் என்கோடர் உண்டு. பழைய கார்டு வாங்கினால் சூப்பர் என்ற சொல்லைப் பெட்டியில் பாருங்கள்.

ஏவி1 என்கோட் வேண்டுமென்றால் என்விடியா-வில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை முதல், ஏஎம்டி-யில் ஆர்எக்ஸ் 7000 வரிசை முதல், இன்டெல் ஆர்க் கார்டுகள் எல்லாவற்றிலும். ஆர்க் ஏ380 போன்ற சின்னக் கார்டிலேயே இருக்கிறது. கேம் ஆடுகிறவர்கள் மதிக்காத அந்தக் கார்டு, எடிட்டருக்கு இரண்டாவது கார்டாக நல்ல துணை.

இன்டெல் ப்ராசசரில் "எஃப்" போட்டது சில நூறு ரூபாய் குறைவு. வாங்கலாமா?

எடிட்டிங்குக்கு வேண்டாம். எஃப், கேஎஃப் என்று முடியும் ப்ராசசர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதோடு குயிக் சிங்கும் போய்விடும். கார்டு தனியாக இருக்கிறதே என்பார்கள். அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஐ5-12400, 13400 இரண்டிலும் இருப்பது யுஎச்டி 730, அதில் வீடியோ எஞ்சின் ஒன்று. ஐ5-12500, 13500 இரண்டிலும் யுஎச்டி 770, எஞ்சின் இரண்டு. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் 12500 அல்லது 13500-ஐ எடுங்கள்.

ஏஎம்டி-யில் ரைசன் 5600, 5600எக்ஸ் இரண்டிலும் உள் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு. 7000 டெஸ்க்டாப் வரிசையில் சிறியதாக ஒன்று எல்லாவற்றிலும் இருக்கிறது, 7500எஃப் போன்றவை விலக்கு.

புதுக் கேமரா வாங்கியதிலிருந்து டைம்லைன் இழுக்கிறது, எக்ஸ்போர்ட்டும் பாதி வேகம். கம்ப்யூட்டர் அதேதானே?

கேமராவின் 4:2:2 10-பிட்தான் (நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் பதிவு முறை) காரணமாக இருக்கும். சோனி ஏ7 மார்க் 3 4கே-யில் 8-பிட் 4:2:0 பதிவு செய்தது. எந்தக் கார்டும் அதை டீகோட் செய்யும். மார்க் 4-இல் 10-பிட் 4:2:2 வந்துவிட்டது. என்விடியா-வின் 40 வரிசை வரையிலான கார்டுகளால் 4:2:2-ஐ டீகோட் செய்ய முடியாது. எவ்வளவு விலை கொடுத்த கார்டாக இருந்தாலும் அந்த வேலை ப்ராசசர் தலையில் விழும். 50 வரிசையில்தான் எச்.264, எச்.265 இரண்டுக்கும் 4:2:2 ஆதரவு வந்தது.

டெஸ்க்டாப் இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை முதல் உள் கிராபிக்ஸே எச்.265 4:2:2 10-பிட்டை டீகோட் செய்கிறது. 12-ஆம் தலைமுறை ஐ3 கூடச் செய்யும். ஆனால் எச்.264 4:2:2 10-பிட்டை 12 முதல் 14 வரையிலான தலைமுறைகள் செய்யாது. ஆகவே சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் (எச்.264) என்பதற்குப் பதிலாக எக்ஸ்ஏவிசி எச்எஸ் (எச்.265) வகையில் பதிவு செய்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்டெல் கணினியில் டைம்லைன் ஓட ஆரம்பிக்கும்.

தனிக் கார்டு செருகியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகின்றன. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பதை எனேபிள் செய்து, இன்டெல் டிரைவரையும் போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் பிரீமியர் ப்ரோ-வின் மீடியா அமைப்பில் டீகோடிங்குக்கு இன்டெல் தெரிய வேண்டும்.

இது எதுவும் ஒத்துவராவிட்டால் ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் இலகுவான நகல். இரவு படுக்கும் முன் எல்லாவற்றையும் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி-யாக மாற்றப் போட்டுவிட்டால் காலையில் பழைய கணினியிலும் வெட்டலாம். எக்ஸ்போர்ட் மட்டும் அசல் கோப்பிலிருந்து நடக்கும், அந்த நேரம் குறையாது.

கோர் எண்ணிக்கை இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகுமா?

ஆகாது. ஏன் என்பதற்கு ஒவ்வொரு என்கோடரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்264 பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. லாஜிக்கல் ப்ராசசர் எண்ணிக்கையில் ஒன்றரை மடங்கு த்ரெட் தானாகவே வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு ஃபிரேம் தனக்கு முந்தைய ஃபிரேமின் வரிசைகள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். படத்தின் உயரம் குறைந்தால் காத்திருப்பு கூடும்.

எக்ஸ்265 ஒரு ஃபிரேமை 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, வரிசை வரிசையாக இணையாக ஓட்டுகிறது. ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையைவிட இரண்டு கட்டம் பின்னால்தான் வர முடியும். 1080-ஐ 64-ஆல் வகுத்தால் 17 வரிசை, 4கே-யில் 34. அதோடு சில ஃபிரேம்களையும் இணையாக ஓட்டும் என்றாலும் 1080பி வேலையில் 16 கோர் ப்ராசசர் முழுக்க நிரம்பாது. 4கே-யில் நன்றாகவே நிரம்பும். எஸ்விடி-ஏவி1 பல கோர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது, அதிலும் தெளிவுத்திறன் குறையக் குறைய கோர்கள் சும்மா நிற்கும்.

இதற்கு மருந்து ஒரே நேரத்தில் இரண்டு வேலை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் வரிசையில் உள்ளவற்றை ஒன்றுக்கு மேல் சேர்ந்து ஓட்டும் அமைப்பு இருக்கிறது. ஏவி1ஏஎன் என்ற கருவி ஒரே படத்தைக் காட்சி மாறும் இடங்களில் துண்டாக்கி, துண்டுகளைத் தனித்தனி என்கோடர்களுக்குக் கொடுத்துக் கடைசியில் ஒட்டுகிறது. ராம் மட்டும் அதற்கேற்ப வேண்டும்.

நம் கணிப்பு: 1080பி மட்டும் செய்கிறவருக்கு 8 வேகமான கோருக்கு மேல் போகும் காசு வீண். 4கே எக்ஸ்265 தினமும் செய்கிறவருக்கு 12, 16 கோர் பலன் தரும்.

பழைய விஎச்எஸ் கேசட்டுகளை மாற்றித் தருகிறோம். அதற்குப் பெரிய மெஷின் வேண்டுமா?

கேசட் 720×576, இன்டர்லேஸ்டு (ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரிந்தது). மேலே சொன்ன 64 பிக்சல் கணக்கில் 9 வரிசைதான், என்கோடருக்கு வேலையே இல்லை. நேரத்தைத் தின்பது, அந்த வரிகளை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸிங். க்யூடிஜிஎம்சி போன்ற நல்ல ஃபில்டர் 25 ஃபிரேமை 50 ஆக்கித் தரும், ஆனால் ப்ராசசரைப் பிழிந்துவிடும். ஹேண்ட்பிரேக்கின் என்எல்மீன்ஸ் நாய்ஸ் குறைப்பும் அப்படியே. கார்டு வாங்குவதைவிட, மூன்று நான்கு கேசட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது கோர்களை நிரப்பும். ஒரு கேசட் என்றைக்கும் போல மெதுவாகத்தான் முடியும், ஆனால் ஒரு ராத்திரியில் நான்கு முடியும்.

எஸ்.பி. ரோட்டில் பழைய ஜியான் (இன்டெல்லின் சர்வர் வகை) ப்ராசசர் 10 கோர், 14 கோர் என்று மலிவாகக் கிடைக்கிறதே?

பெயரின் கடைசியில் உள்ள "வி" எண்ணைப் பாருங்கள். இ5-2690 வி2 போன்றவை ஐவி பிரிட்ஜ், அவற்றில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் (ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடுபவை) கிடையாது. எக்ஸ்264-உம் எக்ஸ்265-உம் கணக்கில் பெரும்பகுதியை ஏவிஎக்ஸ்2-இல்தான் வேகமாகச் செய்கின்றன. வி3, வி4 என்றால் ஹாஸ்வெல், பிராட்வெல், இவற்றில் உண்டு. 14 கோர் இ5-2680 வி4-க்கு இன்றைய ஆறு கோர் ஐ5-12400 ஒன்று ஈடுகொடுக்கும், அதுவும் பாதி மின்சாரத்தில். ஜியான் இ5-இல் உள் கிராபிக்ஸும் இல்லை, குயிக் சிங்கும் இல்லை. பழைய ஜியான் ஏற்கெனவே கையில் இருந்தால் ஓட்டுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ரைசனிலும் இதேபோல ஒரு கோடு உண்டு. 2017, 2018 வரிசைகள் ஏவிஎக்ஸ்2 கட்டளையை இரண்டு பாதியாக உடைத்து ஓட்டின. 2019-இன் ஜென் 2 முதல் முழுசாக ஓடுகிறது. செகண்ட்ஹேண்டில் 3600 எடுங்கள், 1600 வேண்டாம்.

ஏவிஎக்ஸ்-512 பற்றியும் கேட்கிறார்கள். எக்ஸ்265-இல் அது இயல்பாக அணைத்தே இருக்கிறது. அதற்காக ப்ராசசர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஐ7 என்றுதான் போட்டிருக்கிறது. லேப்டாப் ஏன் இவ்வளவு மெதுவு?

ஐ7 என்பது விற்பனைப் பெயர், வேகம் வாட்டில் இருக்கிறது. யு என்று முடிவது 15 வாட் சுற்றி ஓடும்படி வடிவமைத்தது, எச் என்று முடிவது 45 வாட். டெஸ்க்டாப்பில் ஐ7-13700-இன் அடிப்படை 65 வாட் என்றாலும் சிறிது நேரத்துக்கு 219 வாட் வரை இழுக்கும். என்கோடிங் மணிக்கணக்கில் ஓடும் வேலை. முதல் ஒரு நிமிட வேகத்தைப் பார்த்து லேப்டாப்பை எடை போடக் கூடாது. இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஃபிரேம் வேகத்தைப் படியுங்கள்.

சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள், பவர் மோடு பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ். பின்பக்கம் மெத்தையில் படாமல் இருக்கட்டும். பெங்களூரின் தூசி ஆறு மாதத்தில் ஹீட்சிங்கின் இடுக்கை அடைத்துவிடும். 95 டிகிரியைத் தாண்டினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு, ஃபேன் அள்ளும் சூடும் அந்த அளவு குறையும். ஆனால் இரவு குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது, பெரிய வேலைகளை இரவில் போடுங்கள்.

டெஸ்க்டாப்பில் பெட்டியோடு வந்த கூலர் 65 வாட் வரம்புக்குத்தான். பயாஸில் வரம்பைத் திறந்துவிட்டு அதே கூலரை வைத்தால் சத்தம் மட்டும் கூடும். ரைசன் 7950எக்ஸ்-ஐ ஈகோ மோடில் (மின்சாரம் குறைக்கும் அமைப்பு) வைத்தாலும் வேகம் கொஞ்சம்தான் இறங்கும், மின்சாரம் நிறையவே மிச்சமாகும். 250 வாட் இழுக்கும் கணினி நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஹேண்ட்பிரேக்கை மினிமைஸ் செய்தால் வேகம் பாதியாகிறது. வைரஸா?

இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு வகை. திரையில் முன்னால் இல்லாத நிரலை விண்டோஸ் சின்னக் கோர்களுக்குத் தள்ளிவிடும். ஹேண்ட்பிரேக் தன் முன்னுரிமையைத் தானே பிலோ நார்மல் என்று வைத்துக்கொள்வதால் இது எளிதாக நடக்கிறது. பிரிஃபரன்ஸஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் அதை நார்மல் ஆக்குங்கள், விண்டோஸ் பவர் மோடையும் மேலே ஏற்றுங்கள்.

ராம் எவ்வளவு? வேகமான ராமால் பலன் உண்டா?

1080பி-க்கு 16 ஜிபி, 4கே எடிட்டிங்குக்கு 32. ஒரு 4கே 10-பிட் 4:2:0 ஃபிரேம் விரித்தால் சுமார் 25 எம்பி. என்கோடர் முன்னோக்கிப் பார்க்க நாற்பது ஃபிரேம் எடுத்து வைத்தாலே ஒரு ஜிபி. எடிட்டிங் மென்பொருளின் பங்கு தனி.

வேகத்தைவிட, ஒரே குச்சியா இரண்டு குச்சியா என்பது முக்கியம். 16 ஜிபி ஒன்று வேண்டாம், 8 ஜிபி இரண்டு போடுங்கள். உள் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இதையே பங்கு போடுவதால் குயிக் சிங்க் ஆட்களுக்கு இது கூடுதலாக உறைக்கும். டிடிஆர்5-இல் நான்கு குச்சி செருகினால் வேகம் இறங்கும், இரண்டு பெரிய குச்சியே மேல்.

எஸ்எஸ்டி போட்டால் எக்ஸ்போர்ட் வேகமாகுமா?

பெரும்பாலும் ஆகாது. 100 எம்பிபிஎஸ் கேமரா கோப்பு என்றால் நொடிக்கு 12.5 எம்பி, எந்த ஹார்ட் டிஸ்கும் கொடுக்கும். நான்கு கேமராவை ஒரே ஹார்ட் டிஸ்கிலிருந்து படித்து அதிலேயே எழுதவும் செய்தால்தான் ஊசி அங்குமிங்கும் ஓடித் திணறும். 4கே 25 ஃபிரேமில் ப்ரோரெஸ் 422 எச்க்யூ 737 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 92 எம்பி. அதற்கு எஸ்எஸ்டி கட்டாயம்.

மலிவு க்யூஎல்சி எஸ்எஸ்டி-யில் கவனம். முதலில் வேகமாக எழுதிவிட்டு, உள் கேஷ் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்கைவிடக் கீழே போகும் ரகங்கள் இருக்கின்றன. 300 ஜிபி ஃபுட்டேஜை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போதுதான் சாயம் வெளுக்கும். கார்டு ரீடரை யுஎஸ்பி 2 துளையில் செருகினாலும் நொடிக்கு 40 எம்பி-க்கு மேல் வராது. எஸ்எஸ்டி-யைத் திட்டும் முன் துளையைப் பாருங்கள்.

ஆடியோவுக்கு என்ன வாங்க வேண்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மணி நேரப் பாட்டு, எம்பி3 ஆகவோ ஓபஸ் ஆகவோ, இன்றைய எந்த ப்ராசசரிலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். எம்பி3 செய்யும் லேம் என்கோடர் ஒற்றைத் த்ரெட், அதனால் கோர் எண்ணிக்கை பயன்படாது, கோரின் வேகம்தான் பயன்படும். ஆயிரம் கோப்பு இருந்தால் ஒவ்வொரு கோருக்கும் ஒரு கோப்பு என்று ஃபூபார்2000 போன்ற நிரலே பிரித்து ஓட்டிவிடும். தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எல்ஏசி 2025 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு முதல் ஒரே கோப்பையும் பல த்ரெட்டில் என்கோட் செய்கிறது.

பாட்காஸ்ட்காரர்கள் மெதுவு என்று சொல்வது என்கோடிங்கை அல்ல, நாய்ஸ் குறைப்பையும் ஒலி அளவு சமன்படுத்துவதையும். எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலின் லவுட்நார்ம் (ஒலி அளவைச் சமன்படுத்தும்) ஃபில்டர் டைனமிக் முறையில் ஒலியை உள்ளுக்குள் 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திக் கணக்கிடும், வெளியீட்டையும் அப்படியே விட்டுவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் என்று கையால் குறிப்பிடாவிட்டால் கோப்பு வீங்கும், அடுத்த நிரல் அதைத் திறக்க மறுக்கவும் செய்யலாம்.

கரண்ட் போனதும் மூன்று மணி நேர எக்ஸ்போர்ட் போய்விட்டது. கோப்பைத் திறக்கவே முடியவில்லை.

எம்பி4-இன் அட்டவணைப் பகுதி கோப்பை முடிக்கும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் நின்றால் உள்ளே வீடியோ இருந்தும் பிளேயருக்கு வழி தெரியாது. ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக், ஓபிஎஸ் எதுவானாலும் முதலில் எம்கேவி வகைக் கோப்பாக எழுதுங்கள். நின்ற இடம்வரை பத்திரமாக இருக்கும். முடிந்தபின் என்கோட் செய்யாமல் எம்பி4-க்கு மாற்ற ஒரு நிமிடம் போதும்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ-யைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான், கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் போதாது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல பவர் சப்ளை, மலிவு யுபிஎஸ்-இன் போலி சைன் அலையை ஏற்காமல் மாறும் நொடியில் அணைந்துவிடலாம். எக்ஸ்போர்ட் ஓடாத நேரத்தில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

செகண்ட்ஹேண்டில் ஐ9-13900கே வருகிறது. எடுக்கலாமா?

13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9-களில் கூடுதல் வோல்டேஜால் சிப் தேய்ந்துபோகும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்ததைத் திருத்தம் சரிசெய்யாது. என்கோடிங் நடுவில் காரணமில்லாமல் நிரல் மூடுவது இதன் அறிகுறிகளில் ஒன்று. வாங்குவதென்றால் பயாஸைப் புதுப்பித்து, 4கே எக்ஸ்265 வேலை ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

மேக் மினி எப்படி?

எம்4 மேக் மினியின் மீடியா எஞ்சின் எச்.264, எச்.265, ப்ரோரெஸ் மூன்றையும் கையாளும், 4:2:2 எச்.265-உம் தடையில்லை. எடிட்டிங் அறைக்குச் சத்தமில்லாத நல்ல தேர்வு. ஏவி1-ஐ டீகோட் மட்டும் செய்யும். ஹேண்ட்பிரேக்கில் வீடியோடூல்பாக்ஸ் (ஆப்பிளின் ஹார்டுவேர் என்கோடிங்) தேர்ந்தெடுத்தால் தர எண் தலைகீழ்: அங்கே பெரிய எண்ணுக்குத்தான் உயர்ந்த தரம். எக்ஸ்264 பழக்கத்தில் 20 என்று வைத்தால் படம் சேறாகிவிடும். 60, 65-இல் தொடங்கிப் பாருங்கள்.

என்கோடெல்லாம் வேகமாக முடிகிறது. ஆனால் வாடிக்கையாளர் டிவியில் பென்டிரைவ் ஓடவில்லை.

பழைய டிவி-கள் 8-பிட் எச்.264 மட்டுமே படிக்கும், 10-பிட் எச்.264-ஐ எந்த டிவியும் கிட்டத்தட்டப் படிக்காது. பென்டிரைவ் எஃப்ஏடி32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது, எக்ஸ்ஃபேட் என்றால் பழைய டிவி அடையாளமே காணாது. வரவேற்பு, முகூர்த்தம் என்று 4 ஜிபி-க்குள் பிரித்து, 1080பி எச்.264 ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1, ஏஏசி ஸ்டீரியோ என்று கொடுங்கள். 4கே கேட்டால் எச்.265 கோப்பு ஒன்றைத் தனியாகச் சேர்த்துவிடலாம்.

கடையில் வாங்கும்போது எதைச் சரிபார்க்க?

ஜிஎஸ்டி எண் உள்ள பில், பெட்டியிலும் பாகத்திலும் ஒரே சீரியல் எண். பெட்டியில்லாத டிரே ப்ராசசருக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம், கடைக்காரர் தன் பொறுப்பில் தந்தால் அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பல கடைகளில் தமிழிலேயே பேசலாம் என்பதால் வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் கேமராவின் இரண்டு நிமிடத் துண்டையும் ஹேண்ட்பிரேக்கையும் பென்டிரைவில் கொண்டுபோய், அசெம்பிள் செய்த பிறகு அங்கேயே ஓட்டி நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று குறித்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.